கடலைப் பசை

“அண்ணா, சட்னி அவுர் தோ.”

நம்பிராஜனால் பதில் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் ஒரு கரண்டி கடலைப் பசையை வாயில் போட்டிருந்தார். அது அண்ணத்தில் அப்பிக்கொண்டு நாக்கையும் சேர்த்துப் பிடித்துவைத்திருந்தது. சட்னி வாளியைக் கையால் காட்டி, நீயே எடுத்துக்கொள் என்று தலையை ஆட்டினார். சயான் ஸ்டேஷன் வாசலில் தினமும் அவரிடம் இட்லி தின்றுவிட்டு வேலைக்குப் போகிற வாட்ச்மேன் அவன். “க்யா அண்ணா, சுபே சுபே குட்கா?” என்று சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்து ஊற்றிக்கொண்டான். காலங்காத்தாலே குட்காவெல்லாம் இல்லையப்பா என்று சொல்லக்கூட வாய் பிரியவில்லை. சைக்கிள் ஹேண்டிலில் தொங்கிய பாட்டிலைத் திறந்து ரெண்டு மடக்குத் தண்ணீர் குடித்து, நாக்கால் நெருடி நெருடிப் பசையை உள்ளே தள்ளினார். அதற்குள் வாட்ச்மேன் தட்டை வழித்து நக்கிவிட்டுப் போயிருந்தான்.

கேரியரில் கட்டியிருந்த பெரிய அலுமினிய இட்லிப் பாத்திரமான டோப்பின் ஈரத்துணியை விலக்கும்போதெல்லாம் ஆவி முகத்தில் அடித்தது. முப்பது வருஷமாக அடிக்கிற ஆவிதான். முன்பெல்லாம் அது மூக்குக்குத் தெரியவே தெரியாது. இப்போது உளுந்தும் அரிசியும் புளித்து வெந்த அந்த வாசனை மூக்கை விட்டுப் போகவேயில்லை. ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. ஸ்டாண்டை எடுத்துச் சைக்கிளை நாலடி தள்ளி நிறுத்துவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி பழைய இடத்துக்கே உருட்டிவருவார். தின்கிற ஆள் எதிரே நிற்கும்போதே ஹார்னைப் பிடித்து அமுக்குவார். டோப்பின் ஓரத்தில் எப்போதும் விண்டுபோன இட்லி ஒன்று கிடக்கும். அது விலை போகாது. வியாபாரத்துக்கு நடுவே அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதுதான் இத்தனை வருஷப் பழக்கம். இப்போது அதை எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டு, நாய் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். நாய் நிதானமாகத் தின்றது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

எல்லாம் வலது காலின் பெருவிரலுக்காக. மழைக்காலத்தில் செருப்பு வார் அறுத்த புண். வலித்திருந்தால் அன்றைக்கே எதையாவது வைத்துக் கட்டியிருப்பார். வலிக்கவில்லை. செருப்பு ஏன் பிசுபிசுக்கிறது என்று குனிந்து பார்த்தபோதுதான் ரத்தம் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு குச்சியால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். எப்போது தொடப்போகிறார் என்று நம்பிராஜன் காத்துக்கொண்டிருந்தார். சுகர் எக்கச்சக்கம் என்றார்கள். சோறு, இட்லி, ரொட்டி, பாவ் எல்லாவற்றையும் விடு, சுகர் இறங்கினால் விரல் தப்பும், இல்லாவிட்டால் விரலை எடுத்துவிட்டு அப்புறம் பாதத்தைப் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

விரல் போனால் என்ன ஆகும் என்று நம்பிராஜனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பதினாறு வயதில் அறுபதடி ரோட்டில் தோல் மூட்டை இறக்கினவர் அவர். பாரத்தைத் தோள் தாங்குவதாகப் பார்க்கிறவன் நினைப்பான். ஏற்றத்தில் உந்தும்போது அது முழுவதும் பெருவிரலுக்குத்தான் இறங்கும். பெருவிரல் இல்லாதவன் பாரம் கட்டிய சைக்கிளைச் சமதரையில் வேண்டுமானால் உருட்டலாம். சயான் பாலத்தை இடித்துப் போட்டதிலிருந்து சுற்றிக்கொண்டுதான் சுனாபட்டிக்குப் போக வேண்டியிருக்கிறது. சுற்று வழியெல்லாம் ஏற்றமும் குழியும்தான். வீட்டில் உட்கார்ந்துவிட்டால் பெண்டாட்டி பேராச்சி அவித்து வைக்கிற இட்லியை யார் கொண்டுபோவது? இட்லிக்காரன் கால் நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

மகள் மாரீஸ்வரிதான் பத்தியத்தைக் கையில் எடுத்தாள். செம்பூரில், ஜிம்முக்குப் போகிறவர்களுக்குப் பவுடரும் பாட்டிலும் விற்கிற கடையில் அவளுக்கு வேலை. அங்கே வருகிறவர்கள் சோற்றைத் தொடாமல் கொட்டை வெண்ணெயைக் கரண்டி கரண்டியாகத் தின்று இளைக்கிறார்களாம். சுகர் இறங்கினவர்களும் அதில் இருக்கிறார்களாம். “எப்பா, இதுக்கு லோ கார்ப்னு பேரு. முட்டை சாப்புடுங்க, மீன், கோழி, பனீர், கீரை. பசிச்சா இதுல ஒரு கரண்டி. அவ்ளோதான்” என்று ஒரு கண்ணாடி ஜாடியை வைத்தாள். பாதாமை அரைத்த வெண்ணெய்.

நம்பிராஜன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். “பாவ் இல்லாம வெண்ணெய மட்டும் எப்படிட்டி திங்கது?”

“அப்படித்தான் திங்கணும்.”

“யானை வாங்கிக் குடுத்துட்டு அங்குசத்த ஒளிச்சு வைக்கியே.”

ஜாடி ரெண்டு நாளில் காலியாகிவிட்டது. அடுத்தது எப்போது என்று அவர் கேட்டபோது, விலையை நினைத்து மாரியின் முகம் போன போக்கைப் பேராச்சிதான் கவனித்தாள். ஜாடியைக் கழுவப் போடுவதற்கு முன் அடியில் ஒட்டியிருந்ததை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். மாவு பதம் பார்க்கிற அதே தேய்ப்பு.

“எண்ணெய் விடுதவரைக்கும் அரைச்சிருக்கான். வேற ஒரு மந்திரமும் இல்ல. நம்ம வீட்ல கிரைண்டர் இல்லையா? நெலக்கடலைய நான் அரைக்கேன்.”

“பீநட் பட்டரும் ஓகேம்மா. ஆனா சுகர் போடக் கூடாது. ஒரு ஸ்பூன்கூட.”

“சீனி டப்பாவக் கவுத்து வச்சு எத்தன நாளாச்சு. போடி.”

தாராவிச் சந்தில் இருக்கிற அந்த ஒற்றை அறையில் பாதி இடம் கிரைண்டருக்கு. மிச்சத்தில்தான் மூன்று பேர். காலை இட்லிக்கான மாவை மத்தியானத்துக்கு மேல்தான் அரைப்பாள். அதற்கு முன் கிரைண்டர் சும்மா கிடக்கிற நேரத்தில் கடலையைப் போட்டாள். இரும்புச் சட்டியில் வறுத்து, முறத்தில் கொட்டித் தேய்த்து, தோலை ஊதித் தள்ளிவிட்டு, ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்த கல்லில் போட்டாள். முதலில் கரகரவென்று பொடியாகச் சிதறியது. பிறகு கல்லோடு ஒட்டிக்கொண்டு சுற்றாமல் அழிச்சாட்டியம் பண்ணியது. பேராச்சி அகப்பையால் வழித்து வழித்துத் தள்ளிக்கொண்டேயிருந்தாள். நெடுநேரம் கழித்துக் கல் சூடேறியதும் கடலை தன் எண்ணெயை விட்டது. விட்டதும் பசை தளர்ந்து, மினுமினுவென்று, குழைந்த சேறு போலச் சுற்ற ஆரம்பித்தது. துளி உப்புப் போட்டு டப்பாவில் வழித்து வைத்தாள். “பாதாமாவது பாட்டிலாவது” என்று சொல்லிவிட்டு, அன்று பூராவும் சந்தோஷமாக இருந்தாள்.

முதல் வாரங்கள் நரகம். சோறு தின்று வளர்ந்த உடம்பு. வயிறு கனத்தால்தான் கை வேலைக்கு எழும்பும். இந்தப் பசை வயிற்றை அடைத்தது, ஆனால் நிறைக்கவில்லை. தலைக்குள் யாரோ ஆணி அடித்துக்கொண்டேயிருந்தான். தட்டு நீட்டும்போது சட்னியைச் சிந்தினார். ஒரு வடை கூடக் கேட்டதற்காக ஒரு ரிக்‌ஷாக்காரனின் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் உட்கார முடியாமல் சந்தில் நடந்தார். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலைக் கேட்டால் நின்றுவிடுவார். பசையை வாயில் போட்டுத் துப்பவும் துப்பினார். பேராச்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கழுத்தெலும்பு துருத்தினதை, கால்சட்டையை அவர் சணல் கயிற்றால் இறுக்கினதை, எல்லாவற்றையும் பார்த்தாள்.

தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிற அப்துல் ரவூப், மேலப்பாளையத்துக்காரர், நம்பிராஜனின் முதல் வாடிக்கை. பட்டறை ஆட்களுக்குத் தினமும் அவரிடம்தான் இட்லி வாங்குவார். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

“என்னவே நம்பி, ஊருக்கெல்லாம் இட்லி ஊட்டிட்டு நீரு பசையத் திங்கீரு. எங்கிட்ட ஒரு டின்னு கெடக்கு, தரட்டுமா? தோலையே ஒட்டும். ஒம்ம கொடல ஒட்டாதா?”

“பாய், கை நடுங்குது. வெளையாடாதயும்.”

ரவூப் சிரிப்பை நிறுத்திவிட்டு அவருடைய காலைப் பார்த்தார். பிறகு தன் காலையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு காலையில், பசை வேறு மாதிரி இருந்தது. நிறம் ஒரு சாயல் கறுத்திருந்தது. வாயில் வைத்ததும் முதலில் உப்பு, பிறகு கடலையின் எண்ணெய், கடைசியில் தொண்டைக்கு இறங்குகிற நேரத்தில் புகை கலந்த ஒரு தித்திப்பு. நம்பிராஜன் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். நாக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. உடன்குடியிலிருந்து பேராச்சியின் அக்கா பஸ் பார்சலில் அனுப்புகிற கருப்பட்டி. பரண்மேல் ஓலைப்பெட்டியில் இருக்கிறது. கடலை கொஞ்சம் கூடுதலாக வறுபட்டிருக்கும், அந்த ருசிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னொரு கரண்டி எடுத்தார். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் சிந்தாமல் சட்னி ஊற்றினார். மாடுங்கா லேபர் கேம்ப் முக்கில் ஒரு கிழவரிடம் வேடிக்கைகூடப் பேசினார்.

பேராச்சியிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்பாள். அவள் ஒளித்துச் செய்கிறவள் இல்லை. சீனிதான் விஷம், கருப்பட்டி மருந்து என்பது அந்தச் சந்தில் இருக்கிற நெல்லைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். சுகர் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே சீனி டப்பாவைக் கவிழ்த்துவிட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறுவதுதான் முதல் வைத்தியம். நம்பிராஜனும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் ஆஸ்பத்திரியில், மாரி மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, சாப்பாடு பற்றிச் சொல்லித்தருகிற பெண் அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். சீனி மட்டும் இல்லை, குட் என்கிற வெல்லம், தேன், எதுவும் கூடாது, எல்லாம் ஒன்றுதான் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது சொல்லத் தோன்றவில்லை. இப்போது, கருப்பட்டி நாக்கில் பட்ட பிறகு, சொல்ல விருப்பமில்லை. குட் என்றால் கரும்பு வெல்லம், அவள் பனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு நியாயம் கைவசம் இருந்தது. அந்த நியாயத்தைச் சுனாபட்டி வரைக்கும் சைக்கிளோடு சேர்த்து உருட்டிக்கொண்டு போனார். கரண்டி ஒன்று ரெண்டாகி, ரெண்டு அரை டப்பாவானது. பசிச்சா தின்னலாம் என்றுதானே மகள் சொல்லியிருந்தாள்.

டெஸ்ட் எடுத்தபோது சுகர் இறங்கவில்லை. ஒரு படி ஏறியிருந்தது. விரலின் ஓரம் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு டாக்டர் இன்னும் ரெண்டு வாரம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாரி பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“எப்பா, சச் சொல்லுங்க, உண்மைய. ரோட்ல இட்லி திங்கிறீங்களா?”

“இல்லட்டி.”

“வடை?”

“தொடல.”

“அப்ப எங்கருந்து ஏறுது? வானத்துலருந்தா?”

“நான் எதையும் தொடலட்டி. ஒன் தலையில அடிச்சு வேணா சொல்லுதேன்.”

“என் தலை வேணாம். உங்க கால்ல அடிச்சுச் சொல்லுங்க.”

அடுப்படியில் நின்ற பேராச்சிக்குத் தாங்கவில்லை. “ஏங்க, ஒரு மனுசி வெந்நீர்ல கைய வேகவச்சுகிட்டு அவிக்கேன். நீங்க வழியில நின்னு முழுங்குதிய. ஒரு வெரலு போனா நீங்க மட்டுமா நொண்டப்போறிய? நாங்க ரெண்டு பேரும் சேந்துதான நொண்டணும்.”

நம்பிராஜனுக்குக் கோபம் சுறுசுறுவென்று ஏறியது. உண்மையான கோபம். விண்டுபோன இட்லியை நாய்க்குப் போட்டுவிட்டு எச்சில் முழுங்கினவர் அவர். முப்பது வருஷத்தில் முதல் முறையாகத் தன் வாயைக் கட்டி வைத்தவர். இவர்கள் கண்ணுக்கு அவர் திருட்டுத்தீனிக்காரன். அலமாரியில் அடித்துவிட்டு வெளியே போனார். சந்தில் போகிற வருகிறவர்களை இடித்துக்கொண்டு நடந்தார். கால் போன போக்கில் ரவூப் பட்டறைக்கே வந்து நின்றார். மாரியிடம் சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. இட்லியைத் தொடவில்லை, ஆனால் உன் அம்மா கருப்பட்டி போடுகிறாள் என்று. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். பேராச்சி இடிந்துபோவாள், அதற்காகத்தான் சொல்லவில்லை என்று முதலில் தோன்றியது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் அந்த எண்ணத்தோடு பெருமையாகவே நடந்திருந்தார். ஆனால் பட்டறை வாசலில் தோல் நாற்றத்துக்கு நடுவே நின்றபோது, சொன்னால் நாளைக் காலையில் டப்பாவில் வெறும் உப்புப் பசைதான் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. அதுதான் காரணம். மற்றதெல்லாம் சும்மா.

ரவூப் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

“நம்பி, ஒம்மகிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கப்படாது. ஒம்ம மவ போன் பண்ணுனா. அப்பா இட்லி திங்காரா பாருங்க மாமான்னு.”

“என்ன சொன்னீரு?”

“பாத்தேன். திங்கலன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கா. நீரு எனக்கு இட்லி லஞ்சம் குடுத்துட்டீராம்.” ரவூப் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “அது கெடக்கு. நாளைலருந்து லீவு போட்டுட்டு அவளே ஒம்மகூட வாராளாம். போலீசு வருதுவே.”

மாரி வந்தாள். கடை டீ-ஷர்ட்டோடு, காதில் வயரோடு, சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். சின்ன வயதில் இதே சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து ஹார்ன் அடிக்க அழுதவள், இப்போது அவர் ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தாள். ஸ்டேஷன் வாசலில் வாட்ச்மேன், “பேட்டி ஹை க்யா அண்ணா?” என்று கேட்டான், மகளா என்று. “ஜெயிலர்” என்றார் நம்பிராஜன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். டோப்பின் துணி விலகும்போதெல்லாம் அவள் கண் அப்பாவின் கையிலேயே இருந்தது. கை இட்லியை எடுத்தது, தட்டில் வைத்தது, துணியை மூடியது. வேறு எங்கும் போகவில்லை. விண்டுபோனதை எடுத்து நாய்க்குப் போட்டார். நாய் தின்றதை அவளும் நின்று பார்த்தாள்.

சுனாபட்டி போவதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. ஏற்றத்தில் அவர் சைக்கிளை உந்தும்போது வலது காலை முன்னால் ஊன்றாமல், இடது காலாலேயே தள்ளித் தள்ளிப் போவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. கேட்காமல் வந்து கேரியரைப் பிடித்துத் தள்ளினாள். மேலே ஏறியதும் ரெண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள்.

“சாரிப்பா” என்றாள்.

“எதுக்கு?”

“நெஜமாவே திங்கல நீங்க. நான்தான் தப்பா...”

அவர் டோப்பை மூடினார். திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை, கடைசித் தட்டும் போய்விட்டது. மறுபடி மூடினார்.

“வேற எதுவோ ஒடம்புல ப்ராப்ளம் இருக்குப்பா. மண்டே டாக்டர்ட்ட நானே பேசறேன். இன்சுலின் போடச் சொல்லலாம். வெரலை எடுக்க விட மாட்டேன்.” கட்டடம் கட்டுகிற இடத்தின் தகரத் தடுப்பு நிழலில் உட்கார்ந்தாள். “பசிக்குது. இட்லியும் தீந்துட்டு. அந்த டப்பாவக் குடுங்க.”

“ஒனக்குத்தான் அந்த வாடையே ஆகாதே” என்றார் நம்பிராஜன் அவசரமாக. “கடையில நாள் பூரா மோந்து மோந்து கொமட்டுதுன்னு சொல்லுவியே. இரு, வடாபாவ் வாங்கியாரேன்.”

“நீங்க நடக்க வேணாம். உக்காருங்க.”

ஹேண்டிலில் மாட்டியிருந்த பையிலிருந்து அவளே டப்பாவை எடுத்தாள். பிடுங்கியிருக்கலாம். கை எட்டுகிற தூரம்தான். டப்பாவின் மூடி இறுக்கமாக இருந்தது. அவள் பல்லைக் கடித்துத் திருகினாள். கரண்டியால் ஓரத்தில் எடுத்து வாயில் வைத்தாள். நம்பிராஜன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை அசைந்தது. ஒரு தரம், ரெண்டு தரம். பிறகு நின்றது. நாக்கு அண்ணத்தைத் தடவுவது கன்னத்துக்கு வெளியே தெரிந்தது. அவள் உடனே அவரைப் பார்க்கவில்லை. டப்பாவுக்குள் பார்த்தாள், பாதிக்கு மேல் குறைந்திருந்த டப்பாவுக்குள்.

“அம்மா இதுல என்ன போடுது?”

தகரத் தடுப்புக்கு உள்ளே சிமெண்ட் கலக்குகிற மெஷின் உருண்டுகொண்டிருந்தது.

“கருப்பட்டி. எவ்ளோ நாளா?”

“கொஞ்ச நாளா.”

“உங்களுக்குத் தெரியும்.”

கேள்வி இல்லை அது. அவர் ஹார்னின் ரப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அமுக்கவில்லை.

“அதுவும் சுகர்தாம்ப்பா. சேம் டு சேம். அதுவும் தெரியுமா?”

“அந்தப் பொண்ணு சொன்னா. ஆஸ்பத்திரியில. மொத நாளே.”

மாரி டப்பாவை மூடினாள். தூக்கி எறியப்போகிறாள் என்று நினைத்தார். எறியவில்லை. பைக்குள் வைத்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அன்னைக்கு அம்மா உங்கள எப்படித் திட்டிச்சு. நீங்க ஒண்ணுமே சொல்லாம வெளிய போய்ட்டீங்க. எதுக்குப்பா? அம்மாவுக்காகவா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத் தயாராக நின்றாள். நம்பிராஜன் வாயைத் திறந்தார்.

“நல்லாருந்துச்சுட்டி” என்றார்.

திரும்பும் வழியில் அவள் வாளியோடு முன்னால் நடந்தாள். அந்தப் பக்கம் இறக்கம். சைக்கிள் தானாகவே ஓடியது, அவர் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டார். தாராவிச் சந்துக்குள் நுழைகிற இடத்தில் மட்டும் நின்று, “நான் சொல்ல மாட்டேன். நீங்களே அம்மாட்ட சொல்லுங்க. இன்னைக்கே” என்றாள். சைக்கிளை முடுக்கில் சாத்திப் பூட்டினார். பூட்டினோமா என்று திரும்பப் போய் இழுத்துப் பார்த்தார். மறுபடி ஒரு தரம்.

வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடலை எண்ணெய் விடுகிற பருவம். அறை முழுக்க வறுத்த மணம். பேராச்சி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கருப்பட்டி வட்டு ஒன்றைக் காகிதத்தில் வைத்து உலக்கைப் பூணால் தட்டிக்கொண்டிருந்தாள். நேரமே வந்துவிட்ட மகளைப் பார்த்து எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஒன்றும் இருப்பதாக அவள் முகத்தில் இல்லை. ஓலைப்பெட்டி பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

“வந்தாச்சா. காவல்காரி என்ன சொல்லுதா? எத்தன இட்லி முழுங்குனாரு?”

மாரி வாளியை இறக்கி வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். நம்பிராஜன் உள்ளே வந்தார். சுவரோரம் போனார். திரும்பி வந்தார். அந்த அறையில் அதற்கு மேல் நடக்க இடமில்லை. பெட்டியின்மேல் உட்கார்ந்து காலை நீட்டினார். நீட்டின கால் ஆடிக்கொண்டேயிருந்தது.

“பேராச்சி, அதப் போடாத.”

“எத?”

“கையில வச்சிருக்கியே.”

அவள் கையைப் பார்த்தாள். “ஏன், நல்லா இல்லையா? வெறும் பசையத் துப்புனியளேன்னுதான் ஒரு வில்ல தட்டிப் போடுதேன். எறங்குதுல்லா?”

“எறங்குது. நல்லாத்தான் இருக்கு.”

“பெறவு என்ன?”

“நல்லாருக்குன்னுதான் சொல்லாம இருந்தேன். அதுலயும் சீனிதானாம். ஆஸ்பத்திரியிலயே சொன்னாவ. எங்கிட்ட சொன்னாவ.”

“யாரு சொன்னது? கருப்பட்டி ஒடம்புக்கு...” என்று ஆரம்பித்தவள் மகளைப் பார்த்தாள். மாரி தலை குனிந்துகொண்டாள். பேராச்சி மறுபடி அவரைப் பார்த்தாள், பிறகு ஓலைப்பெட்டியை. அதில் எத்தனை வட்டு இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம் என்பது அவளுக்குத்தான் தெரியும். உலக்கையை மெதுவாகக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நம்பிராஜன் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. கிரைண்டரில் கடலை குறைந்து, கல்லும் கல்லும் உரசுகிற சத்தம் லேசாகக் கேட்க ஆரம்பித்திருந்தது. யாரும் எழுந்து போய் நிறுத்தவில்லை.

அவள் கண் அவருடைய காலில் நின்றது. கட்டுத்துணியின் நுனியில், கறுத்த ஓரம் தெரிகிற இடத்தில், ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. வெகுநேரமாக உட்கார்ந்திருக்கும் போல. நிதானமாகக் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நம்பிராஜனுக்கு அது தெரியவில்லை. அவர் இன்னும் பேராச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராச்சி தவழ்ந்து வந்து கையை வீசி ஈயை விரட்டினாள். அது எழும்பி, காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, திரும்பி வந்து அவள் கையிலேயே, கருப்பட்டித் தூள் ஒட்டிப் பிசுபிசுத்த விரல்களின்மேல் உட்கார்ந்தது. அவள் கையை உதறவில்லை.